அஞ்சல் அட்டை அனுப்பிப் பரிசுப் போட்டிகளில் கலந்துகொள்வது பயனுள்ளதா?

அட்டையின் விலை, வந்து சேரக்கூடிய அட்டைகளின் எண்ணிக்கை, பரிசின் மதிப்பு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். குடியாத்தத்தில் கைலி நெசவு செய்துவந்த என் தந்தை, பல ஆண்டுகள் விடாமல் அட்டை அனுப்பியவர், ஒருமுறைகூட அப்படி எழுதிப் பார்த்ததில்லை.

ஒரு வார இதழ் பத்துப் பேருக்கு 800 ரூபாய்ப் புடவை தருவதாக அறிவிக்கிறது, 20,000 அட்டைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரிசு 8,000 ரூபாய். ஆக, ஓர் அட்டையின் பங்கு 40 பைசா. சாதாரண அஞ்சல் அட்டை 50 பைசா என்பதால் இழப்பு பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் அஞ்சல் துறையின் விதிப்படி போட்டிக்கான விடையைச் சாதாரண அட்டையில் அனுப்பக் கூடாது. அதற்கென்றே உள்ள போட்டி அஞ்சல் அட்டையின் விலை 10 ரூபாய். (தூர்தர்ஷனின் ‘சுரபி’ நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கில் அட்டைகள் குவிந்ததை அடுத்து வந்த ஏற்பாடு இது.) பத்து ரூபாய் செலவழித்தால், அதே போட்டியில் 800 பேருக்கும் குறைவாகக் கலந்துகொண்டால்தான் கணக்கு நமக்குச் சாதகமாகும். தொலைக்காட்சிப் போட்டிகளில் அது நடக்காது. வேலூர், ஆற்காடு வட்டாரத்துக்குள் மட்டும் நடக்கும் போட்டியிலும், விடை காண்பதற்கு உழைப்பு தேவைப்படுவதால் பலர் ஒதுங்கிவிடும் போட்டியிலும் நடக்கலாம். என் தந்தைக்குக் கிடைத்த ஒரே பரிசான எவர்சில்வர் தூக்கும் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றில் வந்ததுதான்.

செலவைவிட நான் அஞ்சுவது வேறொன்றை. மூன்று நடிகர்களின் பாதி முகங்களை அச்சிட்டு, பெயர்களைச் சரியாக எழுதினால் டிரான்சிஸ்டர் பரிசு என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. சின்னக் குழந்தைக்கும் விடை தெரியும். எழுதிய எல்லோருமே ‘வெற்றியாளர்’தான். சில வாரங்களில் வி.பி.பி.யில், அதாவது பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளும் தபாலில், பெட்டி வந்தது. பணத்தைக் கட்டாமல் வி.பி.பி. பார்சலைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால், இரண்டு கைலிக்கான கூலியைத் தபால்காரரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் பிரித்தோம். உள்ளே இருந்த பிளாஸ்டிக் கூடு ஒருநாளும் பாடவில்லை. வி.பி.பி.யில் வருவது பரிசன்று, விற்பனை.

லாட்டரியில் விழுந்திருப்பதாகக் கடிதம் வந்தாலும் கிழித்துப் போடலாம். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது, மேலும் தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

உண்மையாகவே பெரிய பரிசு விழுந்தாலும் முழுத்தொகை கைக்கு வராது. இத்தகைய வருமானத்துக்கு 30 சதவீத வரி உண்டு, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. பரிசு இருசக்கர வாகனம் போன்ற பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்ட பிறகே அதை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மோசடிக்காரர்கள் “முதலில் வரியைக் கட்டுங்கள்” என்று கேட்பதற்கு இந்த விதியைத்தான் சாக்காக வைத்துக்கொள்கிறார்கள். நாம் கலந்துகொள்ளாத போட்டியின் பெயரில் அப்படி யாராவது பணம் கேட்டால் பதிலே எழுத வேண்டாம்.

நான் இப்போது ஆண்டுக்கு நான்கைந்து அட்டைகள் அனுப்புகிறேன். குலுக்கல் போட்டி எதற்கும் அனுப்புவதில்லை, குறுக்கெழுத்துக்கு மட்டும்தான்.