தராசை எதில் நிறுப்பது?

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஒரு எடை மேடையில் இரவுப் பணி பார்க்கிறேன். கிரானைட் லாரிகள் வரும், மாம்பழக் காலத்தில் கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் வண்டிகள் வரும். நடுவில் சில சமயம் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்க நேரும். அப்போது கைப்பேசியில் தத்துவம் படிக்க ஆரம்பித்தேன். ரெனே டெக்கார்ட், கனவு காணும்போது அது கனவென்று தெரிவதில்லையே, இப்போது விழித்திருக்கிறேன் என்பதற்கு என்ன சான்று என்று கேட்கிறார். பிறகு, நாம் தொட்டியில் மிதக்கும் வெறும் மூளையாக இருந்து, கம்பி வழியே வரும் தூண்டல்களை உலகம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் என்ன என்ற கதையைப் படித்தேன். மூன்று மாதமாக இது என்னை விடவில்லை. எந்தச் சான்றைக் காட்டினாலும் அந்தச் சான்றுக்கு என்ன சான்று என்று கேட்கலாம் அல்லவா?

உடன் வேலை செய்யும் அண்ணனிடம் சொன்னேன். “அப்படியென்றால் சம்பளத்தை மட்டும் ஏன் எண்ணி வாங்குகிறாய்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. நமக்கு இருப்பது அறிவா, வெறும் பழக்கமா? இதற்கு மெய்யாகவே பதில் உண்டா, இல்லை எல்லோரும் நழுவுகிறார்களா?

ச.
காவேரிப்பட்டணம்

அன்புள்ள ச.,

உங்கள் அண்ணன் சொன்னது மிகப் பழைய பதில். பொருள் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் மனத்தில் தோன்றும் காட்சிதான் என்று ஐரிஷ் தத்துவவாதி பெர்க்லி வாதிட்டிருந்தார். 1763இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து, ‘இதோ, மறுத்துவிட்டேன்’ என்றார். பெர்க்லி இறந்து அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது. இருந்திருந்தால், உங்கள் கால் வலியும் ஒரு காட்சிதானே என்று கேட்டிருப்பார். சிரிப்பு அடங்கிய பிறகும் கேள்வி அப்படியே நிற்கிறது என்று நீங்கள் உணர்ந்தது சரி. ஆனாலும் சம்பளத்தை எண்ணுவதைப் பற்றி அண்ணன் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன்.

சான்றுக்குச் சான்று கேட்டவர்களில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த பௌத்த தத்துவவாதி நாகார்ஜுனர் மிகக் கூர்மையானவர். அவர் கேட்டது இது: பொருள்களைப் பிரமாணங்களால், அதாவது காட்சி, அனுமானம் போன்ற அறியும் வழிகளால், அறிகிறோம் என்கிறீர்கள். அந்தப் பிரமாணங்களை எதனால் அறிகிறீர்கள்? இன்னொரு பிரமாணத்தால் என்றால் அதற்கு இன்னொன்று வேண்டும், முடிவே இராது. அவை தாமாகவே நிலைபெறும் என்றால் அந்தச் சலுகை பொருள்களுக்கு மட்டும் ஏன் இல்லை? கிரேக்க ஐயவாதிகளும் ஏறக்குறைய இதே வலையைப் பின்னினார்கள். முடிவின்றிப் பின்னோக்கிப் போகவேண்டும், அல்லது சுற்றிச் சுற்றி வரவேண்டும், அல்லது ஓரிடத்தில் சும்மா நின்றுவிடவேண்டும். நான்காவது வழி இல்லை என்றார்கள்.

நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபின் மூலநூலான நியாய சூத்திரத்தில் இதற்கு வரும் பதில் நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கிறது. தராசு. தங்கத்தை நிறுக்கும்போது தராசு அளக்கும் கருவி. அந்தத் தராசு சரியா என்று எடை தெரிந்த தங்கத்தை வைத்துப் பார்க்கும்போது தராசே அளக்கப்படும் பொருளாகிவிடுகிறது. ஒன்றே ஒரு நேரம் பிரமாணம், வேறொரு நேரம் பிரமேயம், அதாவது அறியப்படும் பொருள். எல்லாவற்றையும் தாங்கும் கடைசிக் கல் ஒன்றைத் தேடியலைய வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் அதன் முறை வரும்போது சோதிக்கப்பட்டால் போதும் என்கிறார்கள்.

இது நழுவல் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. கிலோகிராமின் கதையைப் படித்தபிறகு மாறினேன். உங்கள் மேடைக்கு முத்திரை போட வருகிறவர்கள் படிக்கற்களோடு வருகிறார்கள். அந்தப் படிக்கற்களை வேறு படிக்கற்களோடு ஒப்பிட்டிருப்பார்கள். அப்படியே மேலே போனால் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57ஆம் எண் உலோக உருளைக்குப் போய்ச் சேருவீர்கள். அதற்கும் மேலே பாரிஸ் அருகே பிளாட்டினம்–இரிடியம் கலந்த ஒரே ஒரு உருளை. 1889 முதல் 2019 வரை அதுதான் கிலோவாக இருந்தது. அதை எதில் நிறுப்பது? அதன் எடை ஒரு கிலோ என்பது அன்றைய வரையறை, அது தவறவே முடியாது. ஆனால் நூறாண்டில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. நகல்கள் கனத்தனவா, மூலம் இளைத்ததா? சொல்ல வழியில்லை. நாகார்ஜுனர் இருந்தால் புன்னகைத்திருப்பார்.

அதற்காக யாரும் எடை என்று ஒன்றே இல்லை என்று சொல்லவில்லை. இயற்கையின் மாறிலி ஒன்றை, பிளாங்க் மாறிலியை, ஆய்வகங்களில் மிக நுட்பமாக அளந்தார்கள். அளந்தது அந்தப் பழைய கிலோவைக் கொண்டுதான். பிறகு 2019 மே 20 முதல் அந்த மாறிலியை நிலையாக வைத்து, கிலோவையே அதிலிருந்து வரையறுத்துக்கொண்டார்கள். தங்கத்தால் தராசைப் பார்த்து, தராசால் தங்கத்தைப் பார்ப்பது என்றால் இதுதான். அன்று உங்கள் மேடையில் ஏறிய லாரிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

ஐயம் என்பதே எப்படி எழுகிறது என்றும் பாருங்கள். அந்தி நேரத்தில் தூரத்தில் ஓர் உருவம். குற்றியா மகனா, அதாவது மரக்கட்டையா மனிதனா? தொல்காப்பிய உரைகளில் ஐயத்துக்கு இதுதான் உதாரணம், நியாய நூல்களிலும் இதுதான். கட்டையையும் மனிதனையும் முன்னே ஒழுங்காகப் பார்த்தவனுக்கே இந்த ஐயம் வரும். இரண்டையும் அறியாதவன் அந்த உருவத்தைப் பார்த்தால் திகைக்கலாம், ஐயப்பட முடியாது. தொட்டி மூளைக் கதைக்கும் தொட்டி வேண்டும், மூளை வேண்டும், கம்பி வேண்டும். எல்லாம் நாம் இந்த உலகத்தில் பார்த்தவை.

நம் மாவட்டங்களின் கதை ஒன்று. நான் பள்ளியில் படித்தபோது வகுப்பில் பலருக்குப் பற்களில் காவிக் கறை இருக்கும். முன்பல்லின் குறுக்காக, செங்கல்லைக் கரைத்து ஈர்க்குச்சியால் கோடு போட்டதுபோல. செங்கல் பொடியில் பல் துலக்குவதால் வருகிறது என்று எங்கள் ஆயா சொல்வாள். பரம்பரை என்றார்கள் சிலர். கிணற்றுத் தண்ணீரை யாரும் சந்தேகிக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது, வாடை இல்லை, குடித்தால் இதமாக இருந்தது. ஆனால் பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிய அந்தத் தண்ணீரில் பாறையின் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்திருந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் கறைபடும். பல ஆண்டுகள் போனால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்கவைத்தாலும் தீராது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியது இதற்காகத்தான்.

புலன்கள் ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் டெக்கார்டுக்குக்கூடக் கிடைத்திருக்காது. கண், மூக்கு, நாக்கு மூன்றும் சேர்ந்து தலைமுறைகளை ஏமாற்றின. சரி, அந்த ஏமாற்றைப் பிடித்தது எது? ஊரில் தண்ணீர் சோதிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சில சொட்டு விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, அட்டையில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிடுகிறார்கள். இளஞ்சிவப்பு மஞ்சளை நோக்கிப் போகப் போக ஃபுளோரைடு அதிகம். அந்த நிறத்தைப் பார்ப்பதும் அதே கண்தான். தெளிந்த தண்ணீர் என்று ஏமாந்த கண், வேறொரு விதமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டு தன்னைத் திருத்திக்கொண்டது.

அன்று ஒருவர் எழுந்து, கண்ணையே நம்ப முடியாது, ஆகவே எதையும் அறிய முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிணறு தப்பியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் சந்தேகிக்கிறவருக்கு அந்தக் கிணற்றைத் தனியாகச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. முழுச் சந்தேகம் மற்றச் சந்தேகங்களைவிட வலுவானது என்று நினைக்கிறோம். எனக்கு அது சந்தேகிக்கும் திறனையே இழந்த நிலையாகத் தெரிகிறது.

1939இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜி. ஈ. மூர் ஒரு சொற்பொழிவில் கையை உயர்த்தி, இதோ ஒரு கை, இதோ இன்னொன்று, ஆகவே வெளியுலகம் உண்டு என்றார். ஜான்சனின் கல்லைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் மூர் அதோடு நிற்கவில்லை. ஐயவாதி தன் வாதத்துக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகளைவிட, இது என் கை என்பது எனக்கு அதிக உறுதி, பிறகு எதை விடுவது என்று கேட்டார். அதைப் படித்து யோசித்த தத்துவவாதி விட்கென்ஸ்டைன், 1951இல் இறப்பதற்கு இரண்டு நாள் முன்வரை குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். கதவு திரும்ப வேண்டுமென்றால் கீல்கள் அசையாமல் இருக்கவேண்டும் என்கிறார். நம் சந்தேகங்கள் திரும்புவதும் சிலவற்றை அசைக்காமல் விடுவதால்தான். மூரைவிட இவர் ஒரு படி மேல் என்பது என் எண்ணம். கை உண்டு என்பதை ‘அறிவு’ என்று சொல்லவே இவர் தயங்கினார்.

அறிவா பழக்கமா என்று கேட்டீர்கள். பழக்கம் என்றுதான் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் சொன்னார். நேற்று வரை சூரியன் உதித்ததால் நாளையும் உதிக்கும் என்று தருக்கத்தால் நிறுவ முடியாது. அவர் அந்த இருட்டில் மாட்டிக்கொண்டு, பிறகு நண்பர்களோடு சாப்பிட்டுப் பகடையாட்டம் ஆடினார். மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அந்தச் சந்தேகங்கள் குளிர்ந்துபோய்க் கிடந்தன என்று அவரே எழுதுகிறார். அவரோடு பாதி ஒத்துப்போவேன். பழக்கம்தான். ஆனால் செங்கல் பொடிதான் காரணம் என்று நினைத்ததும் பழக்கம், அட்டையோடு நிறத்தை ஒப்பிடுவதும் பழக்கம். பின்னது திருத்தத்துக்கு இடம் தந்தது, முன்னது தரவில்லை. அந்த வேறுபாட்டுக்கு அறிவு என்று பெயர் வைத்தால் எனக்குப் போதும்.

உங்களுக்குப் போதுமா? டெக்கார்ட் கற்பனை செய்ததுபோல, எல்லாம் வல்ல ஒரு பூதம் என்னை ஒவ்வொரு நொடியும் ஏமாற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. டெக்கார்டே கடைசியில் கடவுளைத் துணைக்கு அழைத்துத்தான் கரையேறினார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சோதனைக் குழாய் கிடையாது. ஆனால் அதை எழுப்பவும் எந்தப் பல்லிலும் கறை இல்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். நோட்டு ஒன்று குறைவதாகப் பட்டால் மறுபடி எண்ணுவீர்கள். அதே விரல்களால்தான், கொஞ்சம் மெதுவாக. அண்ணன் கேலியாகச் சொன்னதில் எனக்குப் பிடித்தது அதுதான். மூன்று மாதமாக இரவில் தனியாக உட்கார்ந்து இதையே யோசித்திருக்கிறீர்கள். விடுப்பு எடுத்து நாலு நாள் பகலில் நடமாடுங்கள், ஹியூமுக்கு உதவியது உங்களுக்கும் உதவும்.

இன்னொன்று. அடுத்த முறை முத்திரைக்கு வரும்போது, படிக்கற்களை மேடையின் நடுவில் மட்டும் ஏற்றுகிறார்களா, நான்கு மூலையிலும் ஏற்றிப் பார்க்கிறார்களா, முள் ஒத்துவராவிட்டால் முதலில் எதைச் சந்தேகிக்கிறார்கள் என்று கவனித்து எழுதுங்கள்.