தொண்டை வழியாக எடுக்கும் எக்கோ

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “அக்காவுக்கு 38 வயது, கொழுந்து பறிக்கிறவர். மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டதாம். பலூன் வைத்து விரிக்கக் கண்டியில் நாள் தந்திருக்கிறார்கள். அதற்கு முன் தொண்டைக்குள் குழாய் விட்டு எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிப்பது) எடுக்க வேண்டுமாம். நெஞ்சில் ஏற்கனவே 3 தடவை எடுத்தாயிற்றே? தொண்டை கிழிந்துவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். கதிர் தாக்காதா? இரத்தம் கொட்டும் என்ற பயத்தில் வார்ஃபரினையும் 10 நாளாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.”

கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும், தம்பி. வார்ஃபரின் இரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை. எனக்குக் கவலை தருவது அது இல்லாத அந்த 10 நாள்தான்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவுதான் மைட்ரல் வால்வு. அது சுருங்கினால் மேலறையில் இரத்தம் தேங்கும். துடிப்பும் தாறுமாறாக இருந்தால் (வார்ஃபரின் தந்தது அநேகமாக அதற்காகத்தான்) தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகும். அந்த அறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சின்னப் பை இருக்கிறது. கட்டி ஒளிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான். நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவுக்கு விலா எலும்பும் நுரையீரலும் குறுக்கே நிற்பதால் 30 தடவை எடுத்தாலும் அந்த மூலை சரியாகத் தெரியாது. உணவுக்குழாயோ மேலறையின் முதுகை ஒட்டியே இறங்குகிறது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருமினால் நமக்குக் கேட்குமே, அவ்வளவு கிட்ட.

பலூன் தொடை இடுக்கு நாளம் வழியாக ஏறி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை ஊசியால் துளைத்துக்கொண்டு இடது பக்கம் போகும். ஜப்பானியரான கன்ஜி இனூவே 1984இல் வெளியிட்ட முறை இது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் போகிற வழியில் கட்டி இருந்து, பலூன் இடித்து அது கழன்றால் நேரே மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். கட்டி தெரிந்தால் டொக்டர்கள் பலூனைத் தள்ளிப்போட்டு, இரண்டு மூன்று மாதம் வார்ஃபரின் கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்பார்கள். சிகிச்சை நடக்கும்போதும் எக்கோ தேவைப்படும். எக்ஸ்-ரேயில் கம்பியும் பலூனும் தெரியும், சதைச் சுவர் தெரியாது. ஊசி எங்கே குத்துகிறது, விரித்த பிறகு வால்வு ஒழுகுகிறதா என்பதையெல்லாம் எக்கோதான் காட்டும்.

சரி, தொண்டைக்கு வருவோம். குழாய் ஒரு விரல் பருமன். ஸ்ப்ரே அடித்துத் தொண்டையை மரக்கச் செய்து, மயக்க ஊசியும் கொஞ்சம் போடுவார்கள். குமட்டும், மறுநாள் தொண்டை கரகரக்கும். கிழிவது பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு நடக்கலாம். அக்காவுக்குச் சோறு விழுங்கும்போது நெஞ்சில் சிக்குகிறதா? அதை முன்கூட்டியே சொல்லுங்கள், யூடியூப்காரரிடம் அல்ல, எக்கோ எடுப்பவரிடம். கதிர் கிடையாது, இது வெறும் ஒலி. 6 மணி நேரம் வெறும் வயிறு. முடிந்ததும் பிளேன்டீயை நீட்டிவிடாதீர்கள், மரத்த தொண்டையில் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

வார்ஃபரினுக்காக நாளைக் காலையே கிளினிக்குக்குப் போய் ஐ.என்.ஆர். (இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள். விட்டதை ஈடுகட்ட இரண்டு மாத்திரையாக விழுங்கக் கூடாது. இரத்தம் கொட்டாமலிருக்கத்தான் அந்த அளவை 2க்கும் 3க்கும் நடுவில் வைக்கிறோம். பலூனுக்கு முன் நிறுத்த வேண்டியிருந்தால் எந்த நாளில் என்று அவர்களே சொல்வார்கள்.

அதுவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். அக்காவின் வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை திடீரென்று துவண்டால், பேச்சு குழறினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். 10 நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அழையுங்கள். விடியட்டும், கொழுந்து லொறி வரட்டும் என்று காத்திருக்கிற நோய் இல்லை இது.

அப்புறம், கண்டியில் அந்த 10 நாள் கதையை மறைக்காதீர்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.