90 சதவீதம் துல்லியமாம்! சிகாகோ கொலைக் கணக்கை நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்குச் சிகாகோ இல்லினாய்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். இங்கே நாங்கள் போன கன்சல்டன்சியில் ‘பாதுகாப்பு முன்கணிப்பு அறிக்கை’ என்று 14 பக்கம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த நகரில் 611 கொலைகள் நடக்குமாம். காலேஜை ஒட்டிய பகுதிக்கு ரிஸ்க் ஸ்கோர் 87, அவர்கள் பிடித்துத் தரும் டவுன்டவுன் ஃபிளாட்டுக்கு 12, கணிப்பு 90 சதவீதம் துல்லியம் என்று போட்டிருக்கிறது. 9-ஆம் பக்கத்தில் சிவப்பு மையில், ஒரு பகுதியில் கொலை இரண்டிலிருந்து ஆறாகி ‘மூன்று மடங்கு உயர்வு’ என்றும் இருக்கிறது. அறிக்கைக்கு 6,000 ரூபாய் கட்டிவிட்டோம். ஃபிளாட்டுக்கு முன்பணமாக இன்னும் 85,000 கேட்கிறார்கள். கம்ப்யூட்டரால் இதையெல்லாம் சொல்ல முடியுமா? பெண்ணை அனுப்பலாமா, வேண்டாமா? - பெயர் வெளியிட விரும்பாத தாய், திருச்சி

பதில்: முதலில் அந்த 85,000-ஐக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கணிக்க முடியுமா என்றால், ஊர் மொத்தத்துக்கும் ஓரளவு முடியும். எந்தத் தெருவில், எந்த நாளில், யாருக்கு என்று முடியாது. உங்களுக்கு விற்கப்பட்டது இந்த இரண்டாவது சமாச்சாரம்.

முதலில் அந்த 611-ஐப் பார்ப்போம். சிகாகோ காவல் துறையின் கணக்கில் 2024-இல் 573 கொலைகள். இப்படி 570-ஐ ஒட்டி நடக்கும் ஊரில் வேறு எதுவுமே மாறாவிட்டாலும், வெறும் தற்செயலாலேயே ஒரு வருஷம் 525, இன்னொரு வருஷம் 615 என்று எண்ணிக்கை ஆடும். ஆகவே ஒற்றை எண்ணாக 611 என்று யாராவது சொன்னால், அந்தக் கடைசி 11 ஜோடனைக்காக வைத்தது. இதுவும் எல்லாம் பழையபடி இருந்தால்தான். 2015-ஐவிட 2016-இல் அங்கே கொலைகள் ஐம்பது சதவீதத்துக்கு மேல் எகிறி 760-ஐத் தாண்டின. அப்புறம் 2019-க்குள் 500-ஐ ஒட்டி இறங்கின. கொரோனா வந்ததும் மறுபடி ஏறி, 2021-இல் 800-ஐத் தொட்டன. பழைய கணக்கைக் கோடு போட்டு நீட்டியவர் யாரும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்திருக்க முடியாது.

சரி, ‘ஒரே வாரத்தில் நம் ஏரியாவில் மூன்று கொலை’ என்று செய்தி வந்தால் மனது பதறத்தானே செய்யும்? அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். செஸ் போர்டைத் தரையில் வைத்து, 64 உளுந்தை எண்ணி எடுத்து, எந்தக் கட்டத்தையும் குறிவைக்காமல், போர்டு முழுக்கப் பரவலாக விழும்படி தூவுங்கள். வெளியே ஓடியதைப் பொறுக்கி மறுபடி போடுங்கள். கட்டத்துக்கு ஒன்றாக உட்காரும் என்றுதானே நினைப்பீர்கள்? ஏறக்குறைய 23 கட்டங்கள் காலியாகக் கிடக்கும். நாலைந்து கட்டங்களில் மூன்று உளுந்தோ அதற்கு மேலுமோ கூடிக் கிடக்கும். அந்தக் கட்டங்களிடம் எந்த விசேஷமும் இல்லை. நாளைக்கு மறுபடி தூவினால் வேறு கட்டங்களில் கூடும். லண்டனில் 2008 ஜூலை 10 அன்று ஒரே நாளில் நான்கு கொலைகள் நடந்து ஊரே அலறியபோது, கேம்பிரிட்ஜ் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் இந்த உளுந்துக் கணக்கைத்தான் போட்டார். லண்டன் அளவுள்ள ஊரில் சுமார் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, எந்தக் காரணமும் இல்லாமலே அப்படி ஒரு நாள் வரும் என்று விடை வந்தது. உங்கள் அறிக்கையின் 9-ஆம் பக்கத்தில் சிவப்பு மையில் ‘மூன்று மடங்கு உயர்வு’ என்று ஒன்று இருக்கிறதாமே? நீங்கள் எழுதியபடி ஒரு வருஷம் இரண்டு, அடுத்த வருஷம் ஆறு. அந்த உளுந்து இந்தத் தடவை அங்கே விழுந்தது, அவ்வளவுதான்.

அடுத்து 90 சதவீதம். இதை அவர்கள் எங்கே பிடித்தார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2022-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரை ஆயிரம் அடிச் சதுரங்களாகப் பிரித்து, ஒரு வாரம் முன்னதாகவே குற்றங்களைக் கணிக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். 90 சதவீதம் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அடிதடி, திருட்டு, வீடு புகுதல் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கொலைக்கென்று தனியாகக் கொடுத்த எண் இல்லை. உங்கள் மகளுக்கு எந்த வீடு நல்லது என்று அவர்கள் சொல்லவுமில்லை. வசதியான பகுதியில் குற்றம் கூடினால் கைதுகள் கூடுகின்றன, ஏழைப் பகுதியில் அப்படி நடப்பதில்லை என்று அதே ஆய்வு காவல் துறையைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டது. ஆய்வு கேட்ட அந்தக் கேள்வி மட்டும் எந்த ஏஜென்ட் அறிக்கையிலும் இருக்காது.

துல்லியம் என்ற சொல்லிலேயே இன்னொரு தில்லுமுல்லு ஒளிந்திருக்கிறது. சிகாகோ சுமார் 600 சதுர கிலோமீட்டர். ஆயிரம் அடிச் சதுரமாக வெட்டினால் ஏறத்தாழ 6,500 கட்டங்கள் வரும். நான் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு தினமும் காலையில் எல்லாக் கட்டத்துக்கும் ‘இன்று இங்கே கொலை நடக்காது’ என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனால், 99.9 சதவீதத்துக்கு மேல் எனக்குச் சரியாக வரும். ஒரு கொலையைக்கூடப் பிடித்திருக்க மாட்டேன். அபூர்வமாக நடக்கிற எதைப் பற்றியும் யாராவது துல்லியம் என்று பேசினால், ‘எத்தனை சரி’ என்று கேட்காதீர்கள். ‘நடந்தவற்றில் எத்தனையை முன்கூட்டியே சொன்னீர்கள்’ என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவந்த ஒரு திட்டம் அதே ஊரில் இருந்தது. சிகாகோ காவல் துறை யார் சுடுவார், யார் சுடப்படுவார் என்று கணித்து ஒரு பட்டியல் போட்டது. அதற்கான கணக்கை எழுதிக் கொடுத்தவர் உங்கள் மகள் சேரப்போகும் அதே கல்லூரியின் பொறியியல் பேராசிரியர். 2013-இல் வந்த முதல் பட்டியலில் 426 பேர். அடுத்த ஓராண்டில் நகரில் கொலையுண்ட 405 பேரில் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்று பேர். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-இல் இதை வெளியிட்டார்கள். பட்டியலால் கொலைகள் குறையவில்லை, பட்டியலில் இருந்தவர்கள் துப்பாக்கி வழக்குகளில் கைதாவதுதான் கூடியது என்றும் சொன்னார்கள். அதைப் படித்து யாராவது நிறுத்தினார்களா? மாறாக, பட்டியல் ஊதிப்போய்க் கடைசியில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு 0 முதல் 500 வரை மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்கள். 2019-இல்தான் இழுத்து மூடினார்கள். கைதுப் பதிவும் கைரேகையும் கையில் வைத்திருந்த காவல் துறைக்கே இந்தக் கதி என்றால், தில்லைநகரில் மாடியில் இரண்டு லேப்டாப் வைத்திருப்பவர் எப்படிச் சொல்வார்?

போன வருஷம் இன்னொரு பெற்றோர் இப்படி ஒரு அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார்கள். அட்டையில் ‘ஹூஸ்டன்’ என்று இருந்தது. உள்ளே வரைபடத்தின் கிழக்கே பெரிய நீல ஏரி. சிகாகோவுக்குக் கிழக்கே இருக்கும் மிச்சிகன் ஏரி ஹூஸ்டனுக்குக் கிழக்கே எப்படி வந்தது என்று கேட்டேன். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை, பாவம், அவர் 9,000 கட்டியிருந்தார்.

ஸ்கோர் 87, ஸ்கோர் 12 விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதை எதால் வகுத்தீர்கள்? நகர மையமான லூப் பகுதியில் குடியிருப்பவர் சில பத்தாயிரம் பேர்தான். பகலில் வந்து போகிறவர்கள் பல லட்சம். நடக்கும் திருட்டுகளைக் குடியிருப்பவர் எண்ணிக்கையால் வகுத்தால் அது நரகம் மாதிரித் தெரியும். வந்து போகிறவர்களையும் சேர்த்து வகுத்தால் சொர்க்கம். வாடகைக் கமிஷன் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் சொர்க்கமாகும். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். படிக்க அனுப்புகிறவரை அந்தச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை. பேனர் ஒன்று கட்டினால் கடை திறந்தாயிற்று. இந்தக் கல்லூரியையே சுருக்கி ‘ஐஐடி’ என்று பேனரில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அனுப்பலாமா என்ற உங்கள் நிஜமான கேள்விக்கு வருகிறேன். அனுப்பலாம். சிகாகோவின் கொலைகளில் மிகப் பெரும்பகுதி துப்பாக்கியால் நடப்பவை. இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சமூகவியலாளர் ஆண்ட்ரூ பாப்பகிறிஸ்டோஸும் அவருடைய குழுவினரும் ஆறு வருஷப் பதிவுகளைப் பார்த்தபோது, குண்டடி பட்டுப் பிழைத்தவர்களில் 70 சதவீதம் பேர், சேர்ந்து கைதானவர்களின் சில வலைப்பின்னல்களுக்குள் இருந்தார்கள். அந்த வலைப்பின்னல்கள் நகர மக்கள் தொகையில் 6 சதவீதம்கூட இல்லை. பழைய பகை, பழிக்குப் பழி என்று ஓடுகிற கணக்கு அது. புத்தகப் பையோடு போகும் உங்கள் மகள் அதில் கிடையாது.

ஒரு விலக்கு உண்டு. அதை நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அங்கேதான்: வழிப்பறி. யாரோடும் பகை இல்லாதவர் மேலும் துப்பாக்கி நீள்வது அப்போதுதான். நம் ஊர்ப் பக்கத்து மாணவர்கள் அமெரிக்காவில் சுடப்பட்டதாக நீங்கள் படித்த செய்திகளில் பலவும் இந்த வகை. ஆகவே உங்கள் மகளுக்கு நகரத்தின் கொலைக் கணக்கு எதற்கும் உதவாது, வழிப்பறிக் கணக்கு உதவும். கொலை எண்ணிக்கை சின்னது, உளுந்து மாதிரி ஆடும். வழிப்பறி எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு பெரிது, அதனால் ஆட்டம் குறைவு. அதோடு அது வீட்டு வாசலைவிட வழியைப் பொறுத்த விஷயம். டவுன்டவுனில் ஸ்கோர் 12 ஃபிளாட்டில் தங்கினால், இரவு பதினொன்றுக்கு லேப் முடிந்து கல்லூரியிலிருந்து ரெட் லைனிலோ கிரீன் லைனிலோ ரயிலேறி வர வேண்டும். பிளாட்ஃபாரத்தில் காத்திருக்க வேண்டும், இறங்கி நடக்க வேண்டும். ஸ்கோர் 87 என்று பயமுறுத்திய இடத்தில் கல்லூரி விடுதியில் இருந்தால் வளாகத்துக்குள்ளேயே நடந்து அறைக்குப் போய்விடலாம். அறிக்கை வீட்டுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறது, வழிக்குப் போடவில்லை.

வழிப்பறிக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. சிகாகோ மாநகராட்சியின் டேட்டா போர்ட்டலில் 2001 முதலான குற்றப் பதிவுகள் ஒவ்வொன்றாக இருக்கின்றன. கடைசி ஏழு நாள் மட்டும் இருக்காது. வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்திருப்பார்கள், ஆனால் எந்தத் தெருவின் எந்த பிளாக் என்று தெரியும், மணியும் தெரியும். இங்கே நம் தெருவுக்கு இப்படிப் பார்க்க முடியுமா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2023-க்கான புத்தகத்தையே 2025 செப்டம்பர் கடைசியில்தான் வெளியிட்டது. அதிலும் தெரு கிடையாது.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை. இரண்டு முகவரிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி அரை மைலுக்குள் கடந்த 12 மாதங்களில் நடந்த வழிப்பறிகளை மட்டும் எண்ணட்டும். திருட்டு வேறு, வழிப்பறி வேறு, அங்கே தனித்தனியாகப் பதிவாகும். இரண்டு எண்களையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். வெறும் தற்செயலால் ஆடக்கூடிய அளவு அது. இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் ஒன்று மோசம் என்று சொல்லலாம். ஒரு இடத்தில் 14, இன்னொன்றில் 19 என்றால் கூட்டுத்தொகை 33, வர்க்கமூலம் ஐந்தே முக்கால், இரட்டிப்பு பதினொன்றரை. வித்தியாசம் 5 தான், ஆகவே இரண்டும் ஒன்று. 14-ம் 45-ம் என்றால் வேறு கதை. பிறகு எத்தனை மணிக்கு நடந்தது என்று பார்க்கட்டும். கல்லூரி டக்ளஸ் பகுதியில் இருக்கிறது, எண் 35. மேற்கே நெடுஞ்சாலையைத் தாண்டினால் ஆர்மர் ஸ்குவேர், எண் 34. நகரில் இப்படி 77 பகுதிகள். பகுதி முழுக்கச் சராசரி எடுத்தால் ஒரு மூலையின் அமைதியும் மறு மூலையின் ரகளையும் ஒன்றாகிவிடும் என்பதால், பகுதி எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கிட்டத்தட்ட எல்லா அமெரிக்கக் கல்லூரிகளும் கிளெரி சட்டப்படி ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் மூன்று வருஷத்துக் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். ஏஜென்ட்டுகள் அதையும் காட்டி ‘பாருங்கள், பூஜ்யம்’ என்பார்கள். கல்லூரிக்குச் சொந்தமான இடங்களையும் ஒட்டிய பொதுவழியையும்தான் அது கணக்கில் எடுக்கும். வெளியே வாடகைக்கு எடுத்த அறையோ, ரயில் நிலையத்திலிருந்து வரும் நீண்ட பாதையோ அதில் வராது.

ஃபிளாட் விஷயத்தில், ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளர் பெயர் இருக்கிறதா, ஏஜென்ட் பெயர்தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏஜென்ட் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கட்டிய 6,000-ஐக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், ரசீதையும் அந்த 14 பக்கத்தையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். அறிக்கையை நகல் எடுத்துக்கொண்டு போங்கள், அசலைக் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.