மழைக்காலமும் அரை ஆழாக்குப் பருப்பும்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறோம். நான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், சர்க்கரை நோய் உள்ள 68 வயது மாமியார், கணவர், நான் என்று ஐந்து பேர். தினமும் காலையில் எல்லோருக்கும் நிலவேம்புக் கஷாயம் கொடுக்கிறேன். 640 ரூபாய்க்கு எதிர்ப்புச் சக்தி மாவு என்று ஒரு டப்பாவும் வாங்கினேன். பலன் ஒன்றும் தெரியவில்லை. காலை எட்டரைக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் என்ன சமைத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்?"

கூடவே ஒரு நாள் சாப்பாட்டையும் எழுதி அனுப்பியிருக்கிறார். காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, அரை ஆழாக்குத் துவரம்பருப்பில் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். மாலை குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் டீ, பிஸ்கட். இரவு தோசை, இட்லிப் பொடி. வாரம் ஒரு நாள் முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை மீன்.

இந்தப் பட்டியலுக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் என்ன கஷாயம் குடிக்கிறார்கள் என்பதை விரிவாகச் சொல்வார்கள். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் "எல்லாரையும் போலத்தான்" என்று முடித்துவிடுவார்கள். கை வைக்க வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். பள்ளிக்குப் போகத் தொடங்கிய சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு. அதைக் கொண்டு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எந்தச் சமையலும் சளிக் கிருமியை வாசலிலேயே நிறுத்தாது. சத்துக் குறைந்த உடம்பில் வந்த நோய் நாள்கணக்கில் இழுக்கும், சளி நெஞ்சில் இறங்கும். குறை தீர்ந்த உடம்பு சீக்கிரம் எழுந்துவிடும். வைட்டமின் சி மாத்திரையைப் பற்றி நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான். தினமும் விழுங்கியவர்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் சீக்கிரம் விட்டது, அவ்வளவுதான். ஆகவே "கூட்டுவது" என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் எது குறைகிறது என்று பார்ப்போம்.

குறைவது பருப்பு. அரை ஆழாக்கு என்றால் ஏறத்தாழ 75 கிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 15 கிராம். அதில் கிடைக்கும் புரதம் மூன்று கிராமைக் கொஞ்சம் தாண்டும், அதாவது அரை முட்டை அளவு. கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் எல்லாமே புரதத்தால் ஆனவை. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதமாவது வேண்டும். இட்லியில் உளுந்து இருக்கிறது, சோற்றிலும் கொஞ்சம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் கணக்கு உதைக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தட்டுக்குப் பருப்பு, பயறு, முட்டை, மீன் வகையெல்லாம் சேர்த்து 85 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் சாம்பார்ப் பருப்பு, ஐந்து பேருக்கும் சேர்த்தே, அந்த ஒருவருடைய பங்கைக்கூட எட்டவில்லை.

சாம்பாரில் ஒரு முழு ஆழாக்குப் பருப்பு போடுங்கள். குழம்பு கெட்டியாகும், வீட்டில் முணுமுணுப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். உருளைக்கிழங்கு வறுவலை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து, மற்ற நாள்களில் அவரை, கொத்தவரை, பீர்க்கு, பூசணி என்று திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கிப் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டாக வையுங்கள். இரவுத் தோசைக்குப் பொடிக்குப் பதில் ஒரு முட்டையோ அந்தக் கூட்டின் மிச்சமோ போதும்.

இரவுத் தோசையை வாரம் இரண்டு நாள் பயறு அடையாக மாற்றலாம். பச்சைப்பயறைக் காலையில் ஊற வைத்து, மாலை வந்ததும் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்க விடுங்கள். மறுநாள் மாலைக்குள் சின்னதாக வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். அவ்வளவு போதும், நீளமாக வளரக் காத்திருக்க வேண்டாம். முளை விடும்போது பயறில் வைட்டமின் சி உண்டாகிறது, இரும்புச் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட்டும் குறைகிறது. மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை: காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் மூட்டை வழவழப்பாகிப் புளித்த நாற்றம் வரும். வந்தால் கழுவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். காலை, மாலை இரு வேளையும் மூட்டையைத் தண்ணீரில் அலசித் தொங்க விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடுவது நாகரிகமாகிவிட்டது. சிறு பிள்ளைக்கும் முதியவருக்கும் அது வேண்டாம், வேக வைத்தே கொடுங்கள். ஒரு பங்கு ஊறிய புழுங்கலரிசிக்கு இரண்டு பங்கு முளைப்பயறு, இஞ்சி, சீரகம், இரண்டு மிளகாய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயம் அரிந்து போட்டு ஊற்றுங்கள். புளிக்க வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது கீரை. வாரம் ஒரு நாள் போதாது, மூன்று நாளாவது வேண்டும். "உருவ நேரமில்லை" என்பீர்கள். முருங்கைக்கொத்தை முதல் நாள் இரவு பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் முக்கால்வாசி இலை தானே உதிர்ந்திருக்கும். சத்து வீணாவது பெரும்பாலும் அதற்குப் பிறகு நாம் செய்கிற வேலையில்தான். கீரையை அரிந்த பிறகு கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும், கழுவிய பிறகு அரியுங்கள். நிறைய நீர் விட்டு வேக வைத்து வடித்துக் கொட்டாதீர்கள். ஒரு கரண்டி எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதக்கி, கீரையைப் போட்டு, கையால் இரண்டு தெளி தண்ணீர் தெளித்து ஆறேழு நிமிடம் வேக விட்டால் போதும். எண்ணெய் ருசிக்காக மட்டும் இல்லை. கீரையில் இருப்பது வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின், கொழுப்பு இல்லாவிட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது. கடைசியில் தேங்காய்த் துருவலும் பொடித்த வேர்க்கடலையும் தூவி இறக்குங்கள்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே வைட்டமின் சி இருந்தால் அது பல மடங்கு கூடும், டீ இருந்தால் குறையும். ஆகவே கீரைச் சோற்றின் மேல் சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு மிஞ்சும், சத்து போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம். இதைச் சொன்னால் புதுச்சேரியில் சிலர் என்னைப் பகைவனைப் போலப் பார்க்கிறார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019-21-இல், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதத்தினருக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருந்தது. உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை ஒரு தடவை செய்துவிடுங்கள். குறைவாக இருந்தால் கீரை மட்டும் போதாது, மருத்துவர் தரும் இரும்புச் சத்து மருந்து தேவைப்படும்.

மாலை டீயும் பிஸ்கட்டும்தான் இந்தப் பட்டியலில் எனக்குக் கோபம் மூட்டிய வரி. நான்கு வயதுப் பிள்ளைக்கு டீ எதற்கு? பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் தவிர என்ன இருக்கிறது? நம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் பூமி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வேர்க்கடலை ரகங்களுக்கு வி.ஆர்.ஐ. என்றே பெயர். நூறு கிராம் காய்ந்த கொட்டையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. மல்லாட்டையை உப்புப் போட்டு அவித்து மகனுக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள். மகளுக்கு முழுக் கொட்டையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். நன்றாக அவித்து நசுக்கிக் கொடுங்கள். அதோடு ஆளுக்கு அரைக் கொய்யா. ஒரு நடுத்தரக் கொய்யாவில் பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவைக்கும் மேலே வைட்டமின் சி இருக்கிறது. மாமியாருக்கும் கொய்யா ஆகும். செங்காயாகவும் அளவாகவும் இருக்கட்டும், சாறு பிழிய வேண்டாம்.

மாமியாரைப் பற்றி இன்னொன்று. சர்க்கரைக்கு நல்லது என்று இரவில் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிற வீடுகள் நிறைய. கேழ்வரகில் கால்சியம் ஏராளம், நல்ல தானியம்தான். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து அடையாகத் தட்டிப் பருப்புக் கூட்டோடு சாப்பிட்டால் அந்த வேகம் குறையும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரை அவருக்கு எந்தச் சத்தான சமையலும் முழுப் பலன் தராது. உயர்ந்த சர்க்கரையே வெள்ளணுக்களை மந்தமாக்கிவிடும்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் முதுநகர்க்காரருக்கு மீன் வாங்கும் விதத்தை நான் சொல்லித் தருவது துணிச்சல்தான். இருந்தாலும், ஞாயிறு அன்று வஞ்சிரத்துக்குக் கொடுக்கிற காசில் மத்தியோ நெத்திலியோ வாரம் இரண்டு தடவை வாங்கலாம். மத்தியில் ஒமேகா-3 கொழுப்பும் வைட்டமின் டி-யும் வஞ்சிரத்துக்குக் குறைந்தவை இல்லை. நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேர்கிறது. வறுக்காமல் குழம்பாகவோ, மஞ்சளும் மிளகும் போட்ட அவியலாகவோ செய்யுங்கள். மஞ்சளின் குர்குமின் தனியாகப் போனால் உடலில் அதிகம் ஒட்டாது, மிளகோடு போனால் கூடுதலாக ஒட்டும். நம் குழம்புகளில் அந்தச் சேர்க்கை ஏற்கெனவே இருக்கிறது. கடல் கொந்தளிப்பில் படகுகள் போகாத நாள்களில் கருவாட்டை மாமியாருக்கு வைக்காதீர்கள், உப்பு அதிகம். அன்றைக்கு முட்டை போதும்.

இனி நிலவேம்பு. காய்ச்சல் நேரத்தில் சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்களுக்குக் குடிக்கும் மருந்து அது. காலை காபி மாதிரி மாதக்கணக்கில் குடிப்பதற்கானது இல்லை. அது சர்க்கரையையும் குறைக்கக் கூடியது. உங்கள் மாமியார் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர், இரண்டும் சேர்ந்து திடீரென்று சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் என்ன செய்வீர்கள்? அவருக்குக் கஷாயத்தை உடனே நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் தினசரி வேண்டாம். தொண்டை கரகரத்தால் தூதுவளை ரசமோ மிளகு ரசமோ சூடாகக் கொடுங்கள். சூடும் காரமும் சளியை இளக்கும், உடம்புக்கு நீர் கிடைக்கும், நாக்குக்கு ருசி வரும். அதற்கு மேல் பெரிய அதிசயத்தை அதில் தேட வேண்டாம். 640 ரூபாய் டப்பாவில் பொருள்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அங்கே சர்க்கரை நின்றால் மாமியார் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பழைய சோறு கூடாது என்று மாமியார் தடுப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், சிறு வெங்காயமும் மோரும் சேர்த்து. சோறு ஆறியதுமே நீர் ஊற்றிவிட வேண்டும். மதியச் சோற்றை இரவு வரை வெறுமனே வைத்திருந்து பிறகு ஊற்றுவதுதான் ஆபத்து. ஊற்றும் நீர் காய்ச்சி ஆற வைத்ததாக இருக்கட்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி வெள்ளம் கலந்த வாரங்களில் குடிக்க, கீரை கழுவ, பயறு ஊற வைக்க எல்லாவற்றுக்கும் கொதித்த நீர்தான். தொடர்ந்து வயிற்றுப்போக்கு வந்தால் பிள்ளை தின்ற பருப்பும் கீரையும் உடம்பில் ஒட்டாது.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, இடைவிடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது இவற்றில் ஒன்று தென்பட்டாலோ ரசம் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மழைக்காலத்துக்கு முன்பே மாமியாருக்கு ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். நாளைக் காலை சாம்பாருக்குப் பருப்பை இன்று இரவே அளந்து ஊற வையுங்கள், ஒரு முழு ஆழாக்கு.