விற்றது கம்பியையா, ஏகபோகத்தையா?

சோஷலிசத்திலிருந்து சந்தைக்கு மாறிய கிழக்கு ஐரோப்பிய, முன்னாள் சோவியத் நாடுகள் தங்கள் டெலிபோன், மின்சார, ரயில் கம்பெனிகளை விற்ற கதையைப் போன இதழில் நாலு வரி தொட்டுவிட்டுப் போனேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: தனியார்மயம், தாராளமயம் என்று இரண்டு வார்த்தை எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லைங்க. சொத்து யார் பேரில் இருக்கிறது என்பது தனியார்மயம். அதே தொழிலில் இன்னொருவர் கடை போடலாமா என்பது தாராளமயம். ஒன்று வந்தால் மற்றதும் வந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஹங்கேரியைப் பாருங்கள். 1993 டிசம்பரில் மாட்டாவ் என்ற டெலிபோன் கம்பெனியின் 30 சதவீதப் பங்கை ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாமும் அமெரிக்காவின் அமெரிடெக்கும் சேர்ந்து 87.5 கோடி டாலருக்கு வாங்கின. விற்ற கையோடு, வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளில் எட்டு வருஷத்துக்கு வேறு யாரும் நுழைய மாட்டார்கள் என்றும் அரசு எழுதிக்கொடுத்தது. எஸ்தோனியாவில் இதே போன்ற தனியுரிமை 2000 முடியும் வரை. ருமேனியா 1998ல் ரோம்டெலிகாமின் 35 சதவீதத்தைக் கிரீஸ் நாட்டு டெலிபோன் கம்பெனிக்குக் கொடுத்தபோது 2002 முடியும் வரை.

ஏகபோகத்தையும் சேர்த்து விற்றால் விலை கூடும், காலிக் கஜானாவுக்கு அது தேவைப்பட்டது, கதை அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் முழுசாக அப்படிச் சொல்வதும் நியாயமில்லை. டெலிபோனுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில், சில ஊர்களில் பத்து வருஷத்துக்கும் மேல், காத்திருந்த ஜனங்கள் அவர்கள். புதிதாகக் கம்பி இழுக்கப் பெரிய பணம் வேண்டும், போட்ட பணம் திரும்பும் என்ற தைரியம் இல்லாமல் எவரும் இறங்க மாட்டார்கள் என்பதால்தான் வருஷாவருஷம் இத்தனை இணைப்பு கூட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருந்தது. இணைப்புகளும் கூடின. இதில் வேடிக்கை என்னவென்றால், தனியுரிமைக் காலம் முடிந்து போட்டிக்குக் கதவு திறந்தபோது பாதிப் பேர் கையில் மொபைல் வந்துவிட்டது.

கே: அரசாங்கம் நடத்தினால் திறமை இருக்காது என்றுதானே விற்றார்கள்? வாங்கியவர்கள் யார்?

ப: பல இடங்களில் இன்னொரு அரசாங்கம்! கிண்டலுக்காகச் சொல்லவில்லை. மாட்டாவை வாங்கியபோது டாய்ச்ச டெலிகாம் இன்னும் ஜெர்மன் அரசின் தபால்துறைச் சொத்துதான், பங்குச் சந்தைக்கே 1996ல்தான் வந்தது. எஸ்தோனியாவின் டெலிபோனில் பங்கு எடுத்தவை ஸ்வீடன், பின்லாந்து அரசுகளின் கம்பெனிகள். 1995ல் ஹங்கேரி மின்பகிர்மானத்தை விற்றபோது வாங்கியவர்களில் ஒன்றான பிரான்சின் ஈ.டி.எஃப். அன்றைக்கு நூறு சதவீதம் பிரெஞ்சு அரசுடையது. பல்கேரியாவிலும் அல்பேனியாவிலும் மின்பகிர்மானத்தை வாங்கிய செஸ் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கு செக் அரசிடம். சொந்த மந்திரியின் தலையீடு இல்லாத முதலாளி கிடைத்தார், அது லாபம்தான். "தனியார்" என்ற வார்த்தைதான் கொஞ்சம் இடிக்கிறது.

கே: ஜார்ஜியாவில் அமெரிக்கக் கம்பெனி கையைச் சுட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். என்ன நடந்தது?

ப: தலைநகர் திபிலீசிக்கு மின்சாரம் கொடுக்கும் டெலாசி கம்பெனியை 1998 கடைசியில் ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. சோவியத் காலத்தில் கரண்டுக்குக் கொடுத்தது பேருக்கு ஒரு தொகை. சோவியத் உடைந்த பிறகு ஒரு நாளில் சில மணி நேரம்தான் விளக்கெரியும் என்றிருந்த நகரம். பில் கட்டாமல் இருப்பதும் கம்பியில் கொக்கி போடுவதும் பழக்கமாகிவிட்டிருந்தது. வராத கரண்டுக்கு எவன் கட்டுவான்? ஏ.இ.எஸ். வீடு வீடாக மீட்டர் வைத்தது, கட்டாதவர்களுக்கு இணைப்பைத் துண்டித்தது, வீதியில் கலாட்டா ஆனது. சாதாரண ஜனங்களைக்கூடச் சமாளித்துவிடலாம், செல்வாக்குள்ள பெரிய பாக்கிக்காரர்களை என்ன செய்வது? 2003ல் எல்லாவற்றையும் ரஷ்யாவின் அரசு மின் நிறுவனமான யு.இ.எஸ். கையில் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பாருங்கள், மறுபடி ஓர் அரசாங்கம்.

இதில் கவனிக்க வேண்டியது, மின்சாரத் தொழிலின் கல்லாப்பெட்டி பகிர்மானத்தில்தான் இருக்கிறது. உற்பத்தி நிலையம், உயர் அழுத்தக் கம்பி என்று மேலே எத்தனை பேர் இருந்தாலும் வீட்டு வாசலில் வசூலாகும் காசைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கஜகஸ்தான் இதைத் தலைகீழாகச் செய்தது. 1996ல் எகிபாஸ்துஸ் என்ற பிரம்மாண்டமான அனல்மின் நிலையத்தை இதே ஏ.இ.எஸ்.ஸுக்கு விற்றது. கரண்ட் உற்பத்தியாகிறது, வாங்கிக்கொள்கிறார்கள், பணம்தான் வரவில்லை. கல்லாப்பெட்டியைச் சரி செய்யாமல் உற்பத்தியை மட்டும் விற்றால் இப்படித்தான்.

கே: தனியார் வந்ததும் கட்டணம் ஏறியதே, கொள்ளைதானே?

ப: கொள்ளை நடந்த இடமும் உண்டு. ஆனால் ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு வேர் பழைய கணக்கில் இருக்கிறது. அந்த நாடுகளில் வீட்டுக்கு மலிவாகவும் தொழிற்சாலைக்கு அதிகமாகவும் விலை வைத்திருந்தார்கள். செலவோ நேர் எதிர்: தொழிற்சாலைக்கு உயர் அழுத்தத்தில் ஒரே கம்பியில் கொடுத்துவிடலாம், வீட்டுக்குத்தான் தெருத்தெருவாக இழுத்து, மீட்டர் வைத்து, ஆளனுப்பிக் கணக்கெடுக்க வேண்டும். இதைச் சரிக்கட்டினால் வீட்டு பில் ஏறாமல் இருக்காது. விற்பதற்கு முன்பே அரசு ஏற்றியிருந்தால் பழி அரசுக்கு, பின்னால் ஏறினால் கம்பெனிக்கு. எந்த அரசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழி எப்போதும் கம்பெனியோடு நிற்பதுமில்லை. பல்கேரியாவில் அன்றைக்குக் கட்டணத்தை நிர்ணயித்தது அரசின் ஒழுங்குமுறை ஆணையம், வசூலித்தது வெளிநாட்டுக் கம்பெனிகள். 2013 குளிர்கால பில் வந்ததும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பிரதமர் போரிசோவ் பிப்ரவரி 20ல் ராஜினாமாவை அறிவித்தார்.

கே: ஒழுங்குமுறை ஆணையம் முதலில் வந்திருக்க வேண்டுமா, விற்பனையா?

ப: ஆணையம். ஆனால் விற்பனைக்குத்தான் அவசரம் இருந்தது.

கே: போட்டியைத் திறந்துவிட்டால் போதாதா? விற்கவே வேண்டாமே?

ப: திறந்தும் பூட்டலாம். போலந்திலும் ஹங்கேரியிலும் 1990களில் மின் நிலையங்களோடு நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டார்கள். இவ்வளவு கரண்டை இந்த விலைக்கு வாங்கியே தீருவோம் என்ற வாக்கு. புது முதலீட்டுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். பிறகு சந்தையைத் திறந்தபோது கரண்டில் பெரும்பகுதி அந்த ஒப்பந்தங்களுக்குள் முடங்கிக் கிடந்தது, புதிதாக வந்தவர் விற்கவும் வாங்கவும் மிச்சம் கொஞ்சம்தான். போலந்து 2007ல் சட்டம் போட்டு அவற்றை முடித்தது. ஹங்கேரியின் ஒப்பந்தங்களை 2008ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் சட்டவிரோத அரசு உதவி என்றது, அதாவது போட்டியைக் கெடுக்கும்படி அரசு சிலருக்குக் கொடுத்த சலுகை.

கே: ரயிலையும் விற்றார்களா?

ப: எஸ்தோனியா 2001ல் தன் ரயில் கம்பெனியின் 66 சதவீதத்தை விற்றது, தண்டவாளமும் சரக்கு வண்டியும் சேர்த்து. தண்டவாளத்துக்குச் சொந்தக்காரரே சரக்கும் ஏற்றினால், அதே பாதையில் ஓட வரும் போட்டியாளரிடம் என்ன கட்டணம் கேட்பார்? அந்தச் சண்டை ஓயவே இல்லை. 2007 ஜனவரியில் அரசு 235 கோடி குரூன் (அன்றைய எஸ்தோனிய நாணயம்) கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்புறம் பாதையை ஒரு கம்பெனியாகவும் சரக்கை இன்னொன்றாகவும் பிரித்தது.

கே: ரஷ்யா?

ப: கம்பியை வைத்துக்கொண்டு உற்பத்தியை விற்றது. மேலே சொன்ன யு.இ.எஸ்.ஸைத் துண்டு துண்டாக்கி 2008 ஜூலை 1ல் அதற்கு மூடுவிழாவே நடத்திவிட்டார்கள். அனல்மின் நிலையங்களில் சில பின்லாந்தின் ஃபோர்டம், இத்தாலியின் எனெல், ஜெர்மனியின் ஈ.ஆன் கைக்குப் போயின, கணிசமான பங்கு ரஷ்யாவின் எரிவாயுக் கம்பெனியான காஸ்ப்ரோமுக்கு. அதுவும் அரசுக் கம்பெனிதான். எனெல் 2022ல் விற்றுவிட்டு வெளியேறியது. ஃபோர்டமின் நிலையங்களையும், ஈ.ஆனிலிருந்து பிரிந்த யூனிப்பரின் நிலையங்களையும் 2023 ஏப்ரலில் ரஷ்ய அரசு ஓர் ஆணை போட்டுத் "தற்காலிக" நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது.