ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் நவுன், வேறிடத்தில் வெர்ப் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டுக்கும் வரையறை மனப்பாடமாகத் தெரியும், ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று கேட்டால் திணறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பவன் நான். என்னைக் கேட்டால் பாதிப் பழி அந்த வரையறைமேல்தான். செயலைக் குறிப்பது வெர்ப் என்று படித்துவிட்டு, 'ஹி வென்ட் ஃபார் எ வாக்' என்ற வாக்கியத்தைப் பார்த்தால், நடப்பது செயல்தானே என்று 'வாக்' மேல் வெர்ப் முத்திரை குத்தத்தான் தோன்றும். ஆனால் அங்கே அது நவுன். முன்னால் 'எ' நிற்கிறதே, அதுதான் சாட்சி.

ஆங்கிலத்தில் பல சொற்களுக்குப் பிறவியிலேயே வகை கிடையாது, உட்காரும் இடம்தான் வகையைத் தருகிறது. 'பேக்' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். 'மை பேக் ஹர்ட்ஸ்' என்றால் முதுகு, நவுன். 'தி பேக் டோர்' என்றால் கதவுக்கு அடைமொழி, அட்ஜெக்டிவ். 'கம் பேக்' என்றால் 'கம்' என்ற வெர்ப்புக்கு அடைமொழி, அட்வெர்ப். 'தே பேக்ட் ஹிம்' என்றால் அவனை ஆதரித்தார்கள், வெர்ப்.

ஏன் இப்படி? பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர்ச்சொல் 'லுவு', அன்பு செய்தல் 'லுவியன்'. கடைசி அசையைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்துவிட, இரண்டும் 'லவ்' என்றே நின்றுவிட்டன. விகுதி பார்த்த வேலையில் பெரும்பங்கு வாக்கியத்தில் சொல் நிற்கும் இடத்தின் தலையில் விழுந்தது. நமக்கு 'பூனை எலியைப் பிடித்தது' என்றாலும் 'எலியைப் பூனை பிடித்தது' என்றாலும் ஒன்றுதான், 'ஐ' உருபு காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் பூனையையும் எலியையும் இடம் மாற்றினால் எலி பூனையைப் பிடித்துவிடும்.

வகுப்பில் அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்தைக் கொடுப்பேன்: 'தி ப்ளிம்மி டோக்ஸ் க்ரான்ட் லூப்லி.' எல்லாம் நானே கட்டிய சொற்கள். ஆனாலும் 'டோக்ஸ்' நவுன் என்று பிள்ளைகள் பட்டென்று சொல்வார்கள்: முன்னால் 'தி', பின்னால் பன்மை 'ஸ்'. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 'ப்ளிம்மி' அட்ஜெக்டிவ். இறந்தகால விகுதி 'ட்'டோடு வரும் 'க்ரான்ட்' வெர்ப், கடைசியில் 'லி'யோடு நிற்கும் 'லூப்லி' அட்வெர்ப். பொருள் தெரியாமலே வகை தெரிகிறது, பார்த்தீர்களா?

'லி'யை மட்டும் கண்மூடி நம்ப வேண்டாம். 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் அட்ஜெக்டிவ். 'ஃபாஸ்ட்' மாறாமலே அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டு வேலையும் செய்யும். 'ஹார்ட்லி' என்றால் 'அரிதாகவே'. கடுமையாக உழைத்தேன் என்று நினைத்து 'ஐ வொர்க்ட் ஹார்ட்லி' என்று நேர்காணலில் சொல்லித் தொலைக்காதீர்கள்.

தமிழர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அவள் மகிழ்ச்சியாகப் பாடினாள்', 'அவள் மகிழ்ச்சியாக இருந்தாள்' இரண்டிலும் நமக்கு 'ஆக'தான். ஆங்கிலம் இங்கே பிரிகிறது. முதலாவது 'ஹேப்பிலி', ஏனென்றால் பாடிய விதத்தைச் சொல்கிறது. இரண்டாவது 'ஹேப்பி', ஏனென்றால் அவளைப் பற்றிச் சொல்கிறது. 'இஸ்', 'வாஸ்' போன்ற பி-வெர்ப் மட்டும் இல்லை, 'லுக்', 'ஃபீல்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்' எல்லாம் இந்தக் கூட்டம்தான். 'ஷி லுக்ட் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிந்தாள், 'ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்' என்றால் அவனைக் கோபமாக முறைத்தாள். அந்த வெர்ப்பை எடுத்துவிட்டு 'வாஸ்' போட்டுப் பாருங்கள். பொருள் ஏறக்குறைய நின்றால் அட்ஜெக்டிவ்தான் போட வேண்டும்.

சில ஜோடிகளைக் காதே காட்டிக்கொடுக்கும். 'ரெக்கார்ட்' நவுன் என்றால் முதல் அசையில் அழுத்தம், வெர்ப் என்றால் இரண்டாவதில். 'பெர்மிட்', 'ஆப்ஜெக்ட்' இரண்டும் அப்படியே.

இன்னொன்று. நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் நான்கும் திறந்த வீடு, யார் வேண்டுமானாலும் வரலாம். 'கூகுள்' 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வெர்ப்பாக ஏறியது. ப்ரோநவுன் ('ஹி' போன்றவை), ப்ரெபொசிஷன் ('இன்' போன்றவை), கன்ஜங்ஷன் ('அண்ட்' போன்றவை) எல்லாம் அப்படி இல்லை, புது வரவு மிக அபூர்வம். வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட 'தே' (அவர்கள்) என்ற ப்ரோநவுன் அப்படியான விருந்தாளி. எண்ணிக்கையில் குறைவு என்பதால் இவற்றைப் பட்டியல் போட்டு உருவேற்றுவதுதான் வழி.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டா ஒன்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1795-இல் வந்த லிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கண நூல் 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிளைத் தனியாக எண்ணி ஒன்பது என்றது. அதை அட்ஜெக்டிவுக்குள் அடக்குபவர்கள் எட்டு என்கிறார்கள். இக்கால இலக்கணக்காரர்கள் 'எ', 'தி', 'மை', 'திஸ்' எல்லாவற்றையும் டிடர்மினர் என்று தனியாக வைக்கிறார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் உங்கள் பாடப்புத்தகம் எட்டு என்றால், தேர்வில் எட்டு என்றே எழுதிவிடுங்கள்.