காத்திருப்பது அறையா, ஆளா?

கேள்வி: மகள் ஓ.எல். எடுக்கிறாள். 'ரீடிங்' என்ற ஒரே சொல்லை ரியூசன் சேர் ஒரு நாள் ஜெரண்ட் என்கிறார், அடுத்த நாள் பார்ட்டிசிப்பிள் என்கிறார். கேட்டால் "பாடமாக்குங்கோ" என்கிறாராம். எதைப் பார்த்துப் பிரிப்பது?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சேர் சொன்ன இரண்டுமே சரியாக இருக்கலாம் அம்மா, பாடமாக்கச் சொன்னதுதான் பிழை. சொல்லை மட்டும் வைத்து இதைப் பிரிக்கவே முடியாது, வசனத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். பெயர்ச்சொல்லின் வேலையென்றால் ஜெரண்ட். ஒரு பெயரை வர்ணித்தாலோ, 'இஸ்', 'வோஸ்' என்பவற்றோடு சேர்ந்து வினையாக நின்றாலோ பார்ட்டிசிப்பிள்.

மகளிடம் வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'ஷீ லைக்ஸ் ரீடிங்', அவளுக்கு வாசிப்பது பிடிக்கும். வாசிப்பது, வாசித்தல் என்று தொழிற்பெயர் வந்து விழுந்தால் ஜெரண்ட். 'ஷீ இஸ் ரீடிங்' வாசித்துக்கொண்டிருக்கிறாள், 'த கேர்ள் ரீடிங் த பேப்பர்' பேப்பர் வாசிக்கிற பிள்ளை. இரண்டிலும் எச்சம் வந்துவிட்டது, ஆகவே பார்ட்டிசிப்பிள்.

ஆனால் இந்தத் தமிழ் வழி இரண்டு இடத்தில் காலை வாரும்.

கோட்டை ரயில் நிலையத்து வெயிட்டிங் ரூமை எடுங்கள். தமிழில் 'காத்திருக்கும் அறை', பெயரெச்சம். அப்படியென்றால் பார்ட்டிசிப்பிளா? இல்லை. நம் பெயரெச்சம் தாராளமானது, செய்கிற ஆளோடு மட்டுமல்லாமல் இடத்தோடும் கருவியோடும் ஒட்டும், நன்னூலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது, அதனால் 'யார் காத்திருக்கிறது?' என்று கேட்டே ஆகவேண்டும். அறையா? சனம்தான் காத்திருக்கிறது, ரயில் பிந்துகிற நாளில் மணிக்கணக்காக. அறை காத்திருப்பதற்கானது, எனவே ஜெரண்ட். 'வெயிட்டிங் பெசஞ்சர்ஸ்' என்றால் பயணிகளே காத்திருக்கிறார்கள், அது பார்ட்டிசிப்பிள். வாய்விட்டுச் சொன்னால் காதே காட்டிக்கொடுக்கும்: முதலாவதில் அழுத்தம் 'வெயிட்' மேலேயே விழுந்து 'ரூம்' அமுங்கிப்போகும், இரண்டாவதில் 'பெசஞ்சர்ஸ்' அமுங்காமல் எழுந்து நிற்கும்.

மற்றது, 'ஐ சோ ஹிம் க்ரொசிங் கோல் ரோட்'. தமிழில் 'அவன் காலி வீதியைக் கடப்பதைக் கண்டேன்' என்றுதான் வாயில் வரும், தொழிற்பெயர் போலவே இருக்கும். ஆனால் கண்டது அவனை, அவன் அப்போது கடந்துகொண்டிருந்தான். பார்ட்டிசிப்பிள். 'ஐ ஹேட் க்ரொசிங் கோல் ரோட்' என்றால் வெறுப்பது அந்தக் கடக்கிற வேலையை (பின்னேரம் ஐந்து மணிக்கு யாருக்குத்தான் பிடிக்கும்), ஆகவே ஜெரண்ட்.

இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம், பழைய ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த 'உங்', 'எண்டெ' என்ற இரண்டு விகுதிகளும் மத்திய காலத்தில் ஒரே 'இங்' ஆகிப்போனதுதான். 2002இல் வந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் சேர்த்து 'ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது, ஆனால் மகள் ரியூசனில் அப்படி எழுதிக் கொடுத்தால் சேர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அவசரத்துக்கு ஒன்று: 'அட்', 'வித்அவுட்', 'ஆஃப்டர்' மாதிரி ப்ரெப்பொசிஷனுக்கு அடுத்து நேராக வந்து, பின்னால் வருகிற பெயர் எதையும் வர்ணிக்காமல் நின்றால், 'குட் அட் ரீடிங்' போல, கண்ணை மூடிக்கொண்டு ஜெரண்ட் என்று எழுதலாம்.